ஜான்ஸன் போட்ட கணக்கு

எழுதிப் பிழைப்பவனுக்கு எழுத்து வருவதைவிட விலை சொல்ல வருவதுதான் கஷ்டம். தச்சன் மரத்தின் விலையையும் நாள் கூலியையும் கூட்டி, இவ்வளவு என்று சொல்லிவிடுகிறான். நாமோ, "நீங்களாகப் பார்த்துக் கொடுங்கள்" என்று தலையைச் சொறிகிறோம். இந்தச் சங்கடம் நமக்கு மட்டும் உரியதென்று எண்ண வேண்டாம். ஆங்கில இலக்கியத்தின் மகா மேதைகளும் இதில் அகப்பட்டுத் திண்டாடியிருக்கிறார்கள்.

1667-ல் கண்ணிழந்த மில்டன் தம்முடைய 'இழந்த சொர்க்கம்' காவியத்தை அச்சுக்குக் கொடுத்தார். கையில் 5 பவுன். முதல் பதிப்பில் 1,300 பிரதிகள் விற்றால் இன்னொரு 5 பவுன். அடுத்த பதிப்புகளுக்கும் அப்படியே. அவர் உயிரோடிருந்து கண்டது 10 பவுன்தான். மிச்சமிருந்த உரிமையை 1680-ல் அவருடைய மனைவி 8 பவுனுக்கு எழுதிக் கொடுத்தார்.

அலெக்ஸாண்டர் போப் வேறு வழி கண்டார். ஹோமரின் 'இலியத்'தை மொழிபெயர்க்கத் தொடங்குமுன்பே சந்தாதாரர்களைத் திரட்டினார். ஆறு தொகுதிகள்; தொகுதிக்கு ஒரு கினி. நண்பர் ஸ்விஃப்ட் பிரபுக்களைப் பிடித்துக் கையொப்பம் வாங்கித் தந்தார். 1714-ல் புத்தக வியாபாரி லிண்டட்டுடன் ஒப்பந்தமாயிற்று. தொகுதிக்குச் சுமார் 200 பவுன் ரொக்கம் தருவதோடு, சந்தாதாரர்களுக்கான பிரதிகளையும் லிண்டட் இலவசமாக அச்சிட்டுத் தர வேண்டும்! 1720-ல் வேலை முடிந்தபோது போப்புக்குக் கிடைத்தது ஏறக்குறைய 5,000 பவுன். எத்தனை பேர் வாங்குவார்கள் என்று தெரிந்துகொண்டு விலை பேசியவர் அவர்.

இப்போது ஸாமுவேல் ஜான்ஸனிடம் வருவோம். 1746-ல் லண்டன் புத்தக வியாபாரிகள் சிலர் கூடி, ஆங்கில அகராதி ஒன்று தொகுத்துத் தரும்படி அவரைக் கேட்டார்கள். சம்மானம் 1,500 கினி, அதாவது 1,575 பவுன். மூன்றே ஆண்டில் முடிப்பதாக அவர் எண்ணினார். ஆண்டுக்கு 525 பவுன்! அந்த நாளில் நல்ல தொகைதான்.

ஆனால் வேலை முடிந்து அகராதி வெளிவந்தது 1755-ல். ஒன்பது ஆண்டுகளுக்குப் பங்கிட்டால் ஆண்டுக்கு 175 பவுன். அதிலும் படியெடுத்த ஆறு குமாஸ்தாக்களுக்குக் கூலி. காகிதச் செலவு வேறு. இவையெல்லாம் ஜான்ஸன் தலையில். அகராதியால் நாடெங்கும் புகழ் பெற்றவர், மறு வருஷம் 5 பவுன் 18 ஷில்லிங் கடனுக்காகக் கைது செய்யப்பட்டார். நாவலாசிரியர் ரிச்சர்ட்ஸன் ஆறு கினி அனுப்பி அவரை மீட்டார்.

புத்தக வியாபாரிகள் வஞ்சித்துவிட்டார்கள் என்று சொல்வதற்கில்லை. அவர்கள் தாராள மனம் படைத்தவர்கள் என்று ஜான்ஸனே பாராட்டியிருக்கிறார். தொகையும் அற்பமில்லை. என் அபிப்பிராயத்தில் பிசகு வேறிடத்தில் இருக்கிறது. பணத்துக்கு வரம்பு கட்டியவர் வேலைக்கு வரம்பு கட்டவில்லை. நாள் நீண்டால் நஷ்டம் யாருடையது என்று பேசிக்கொள்ளவில்லை.

சரி, பட்ட பிறகாவது புத்தி வந்ததா? 1777-ல் மூன்று வியாபாரிகள் வந்து, கவிஞர்களின் நூல்களுக்குச் சிறு முன்னுரைகள் எழுதக் கேட்டார்கள். விலையை அவரே சொல்லலாம் என்றார்கள். அவர் கேட்டது 200 கினி! ஆயிரம் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பார்கள் என்று அவருடைய நண்பர் மலோன் கருதினார். 'சிறு முன்னுரைகள்' வளர்ந்து வளர்ந்து 52 கவிஞர்களின் சரித்திரங்களாகி, 1781-ல்தான் முடிந்தன. பிறகு வியாபாரிகளாகவே 100 பவுன் சேர்த்துக் கொடுத்தார்கள்.

1762 முதல் அரசாங்கம் அவருக்கு ஆண்டுக்கு 300 பவுன் உபகாரச் சம்பளம் தந்துவந்தது. ஆகவே, குறைந்த விலையால் அவர் பட்டினி கிடக்கவில்லை. பெருந்தன்மை என்று நாம் வியக்கலாம். எனக்கு மட்டும் ஒரு மனக்குறை உண்டு. "இன்னாரே இவ்வளவுக்குத்தான் எழுதுகிறார், உமக்கென்ன?" என்று புதிதாக வரும் எழுத்தாளரிடம் சொல்லும் பிரசுரகர்த்தர்களை நான் கண்டிருக்கிறேன். உபகாரச் சம்பளம் உள்ளவர் தாராளமாக விட்டுக்கொடுத்த பணம், அது இல்லாதவனின் அடுப்பிலிருந்து எடுத்த விறகாகிவிடுகிறது. விலை சொல்லும்போது நமக்குப் பின்னால் நிற்பவனையும் சேர்த்தே எண்ணிக்கொள்ள வேண்டும்.