உடல், பிரமாணப் பத்திரம், நீதி: ராஜன் வழக்கை முன்வைத்துச் சில குறிப்புகள்

"கக்கயம் கேஸா? அது மலையாளத்துக்காரங்க கேஸுங்க. இங்க கொண்டுவந்து நடத்துனாங்க. கடைசில எல்லாரும் வெளிய வந்துட்டாங்கல்ல, அப்புறம் அதுல எழுதறதுக்கு என்ன இருக்குது?"

கோவை நீதிமன்றத்துக்கு எதிரில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது வயதான வழக்குரைஞர் குமாஸ்தா ஒருவர் என்னிடம் கேட்டது இது. கேள்வி நியாயமானது. எல்லோரும் வெளியே வந்துவிட்ட ஒரு வழக்கில் வரலாறு எழுதுகிறவனுக்கு என்ன மிச்சம் இருக்கிறது? இக்குறிப்புகள் அவருக்குச் சொல்ல முயன்ற பதில்.

முதலில் நடந்தது. 1976 மார்ச் 1, விடியற்காலை. கோழிக்கோட்டை அடுத்த சாத்தமங்கலம் மண்டலப் பொறியியல் கல்லூரியின் இறுதியாண்டு மாணவன் ராஜன், ஃபரூக் கல்லூரியில் நடந்த கலைவிழாவில் கலந்துகொண்டுவிட்டு விடுதிக்குத் திரும்புகிறான். போலீஸ் பிடித்துக்கொண்டு போகிறது. அதற்குச் சற்று முன் காயண்ண காவல் நிலையத்தை நக்சல்பாரிகள் தாக்கியிருந்தார்கள். அதை விசாரிப்பதற்காகக் கக்கயத்தில், மின்வாரியக் கட்டடத்தில், முகாம் ஒன்று அமைக்கப்பட்டது. பொறுப்பில் இருந்தவர் குற்றப்பிரிவு டி.ஐ.ஜி. ஜெயராம் படிக்கல். அங்கே நடந்த சித்திரவதைக்கு 'உருட்டல்' என்று பெயர். பெஞ்சில் கட்டிப்போட்டுத் தொடைமேல் கனத்த உலக்கையை உருட்டுவது. நெல் குத்துகிற உலக்கை தான். மார்ச் 2-ம் தேதி ராஜன் இறந்துபோனான். உடல் இன்றுவரை கிடைக்கவில்லை.

அவனுடைய தந்தை ஈச்சர வாரியர் ஓர் இந்திப் பேராசிரியர். கல்லூரி முதல்வர் மூலம் செய்தி தெரிந்த நாளிலிருந்து அலைந்தார். முகாம் வாசல், அமைச்சர்களின் வீடுகள், டெல்லிக்கு மனுக்கள். நெருக்கடி நிலைக் காலம் அது. 1976 ஏப்ரல் 28-ல் உச்ச நீதிமன்றம், நெருக்கடி நிலை நீடிக்கும்வரை ஆட்கொணர்வு மனுவோடு யாரும் நீதிமன்றப் படியேற முடியாது என்று சொல்லிவிட்டது. நெருக்கடி நிலை விலக்கப்பட்டது 1977 மார்ச் 21. வாரியர் மனுப்போட்டது மார்ச் 25. நாலே நாள். ஒரு வருஷம் மடியில் கட்டி வைத்திருந்த நெருப்பு அது.

அரசுத் தரப்பு என்ன சொன்னது? ராஜனைக் கைது செய்யவே இல்லை என்றது. உள்துறையை வைத்திருந்து அந்த மார்ச்சில் முதலமைச்சரான கருணாகரனின் பெயரிலும் பிரமாணப் பத்திரம் போனது. கூட்டிக்கொண்டு போனதைப் பார்த்தவர்களின் சாட்சியத்தை உயர்நீதிமன்றம் ஏற்றது. ஏப்ரல் 13-ல் தீர்ப்பு: ராஜனைக் கொண்டுவந்து நிறுத்துங்கள். நிறுத்த ஆள் இல்லை. மாதம் முடிவதற்குள் கருணாகரன் பதவி விலகினார். காவலில் இறந்தான் என்பதை அரசு அதற்கப்புறம்தான் ஒத்துக்கொண்டது.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். கருணாகரனை வீழ்த்தியது கொலை அல்ல. பொய்ப் பிரமாணப் பத்திரம். அரசதிகாரம் உடலை அழித்துவிடுகிறது. அழித்ததை மறைக்க ஒரு வாக்கியம் எழுத வேண்டியிருக்கிறது. அந்த வாக்கியத்தில்தான் அதன் கைரேகை விழுகிறது. ஆட்கொணர்வு மனுவின் லத்தீன் பெயருக்கு 'உடலைக் கொண்டு வா' என்று பொருள். உடலைத் தர முடியாத அரசு காகிதத்தைத் தந்தது, காகிதத்தில் மாட்டிக்கொண்டது.

மாட்டியது அமைச்சர். போலீஸ்? குற்ற வழக்கு கோவைக்கு வந்தது. படிக்கலும் வேறு சிலரும் தண்டிக்கப்பட்டார்கள், ஓராண்டுச் சிறை. மேல்முறையீட்டில் அதுவும் இல்லாமல் போனது. படிக்கல் பின்னாளில் கேரளக் காவல்துறையின் தலைமைப் பதவிக்கே வந்தார். குமாஸ்தா சொன்னது சரிதான்.

இதை வைத்து, 'சட்டம் என்பதே ஆளும் வர்க்கத்தின் முகமூடி, கேஸ் போட்டு என்ன கண்டோம்' என்று நம் தோழர்கள் சிலர் முடித்துக்கொள்வதுண்டு. நானும் அப்படிப் பேசியவன்தான். அந்த அவசரத்தில் ஒரு கேள்வியைத் தவறவிட்டோம் என்று இப்போது தோன்றுகிறது. மக்களின் கோபம் யாருக்காக எழுகிறது?

ராஜனுக்கு ஈராண்டுக்கு அடுத்து, 1978 மார்ச் இறுதி. ஐதராபாத் நல்லகுண்டா காவல் நிலையம். இரவுக் காட்சி சினிமா பார்த்துவிட்டு வந்த ஒரு பெண்ணைப் போலீஸ் பிடித்துவைத்து வன்புணர்ச்சிக்கு ஆளாக்குகிறது. தட்டிக்கேட்ட கணவர், ஒரு ரிக்சாத் தொழிலாளி, அடித்துக் கொல்லப்படுகிறார். இங்கே உடல் இருந்தது. மக்கள் அந்த உடலோடு காவல் நிலையத்தின்முன் வந்து நின்றார்கள். கல் பறந்தது, தீ எரிந்தது, துப்பாக்கிச் சூட்டில் மேலும் உயிர்கள் போயின. சென்னா ரெட்டி அரசு நீதிபதி முக்தாதர் தலைமையில் ஆணையம் அமைத்தது. ஆணையத்தின்முன் போலீஸ் தரப்பு எடுத்த ஆயுதம் அந்தப் பெண்ணின் 'நடத்தை'. அவள் யார், எத்தனை கல்யாணம், முறைப்படி மனைவிதானா. செத்தவரை விட்டுவிட்டு உயிரோடிருப்பவளை விசாரித்தார்கள்.

ஆணையம் அந்தக் கதையை நம்பவில்லை, போலீஸ்காரர்கள் குற்றவாளிகள் என்றே சொன்னது. ஆனால் 1952-ம் ஆண்டு விசாரணை ஆணையச் சட்டத்தின்படி ஆணையத்தின் முடிவு ஒரு கருத்து மட்டுமே. அங்கே ஒருவர் சொன்னதை, பொய்ச்சாட்சி வழக்குக்குத் தவிர, அவருக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது. கோபம் தணியும்வரை உட்கார வைக்கிற திண்ணை அது. வழக்கு கர்நாடகத்தின் ராய்ச்சூருக்குப் போனது. 1981-ல் அத்தனை பேரும் விடுதலை.

கோவை, ராய்ச்சூர். இரண்டு வழக்குகளும் மாநில எல்லையைத் தாண்டுகின்றன. நடுநிலைக்காக என்பார்கள். உள்ளூர் அதிகாரிகளின் செல்வாக்கிலிருந்து வழக்கைக் காப்பாற்றுகிற ஏற்பாடு என்பதில் உண்மை உண்டு. ஆனால் போலீஸின் செல்வாக்கு எல்லை தாண்டிப் போகும், தெருவில் நின்ற கோபம் போகாது. ரிக்சாக்காரர்கள் வாய்தாவுக்கு வாய்தா ராய்ச்சூர் போய்வர முடியுமா? கோபத்திலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட வழக்கு வெறும் கட்டாகிவிடுகிறது.

மூன்றாவது உடல் இரண்டுக்கும் முந்தியது. 1970 பிப்ரவரி 18, வயநாடு திருநெல்லிக் காடு. நக்சல்பாரித் தலைவர் வர்கீஸ், அடியோர் பழங்குடியினர் 'பெருமன்' என்று அழைத்தவர், போலீஸோடு நடந்த 'மோதலில்' செத்துப்போனதாகச் சொல்லப்பட்டது. 28 ஆண்டுகள் அந்தக் கதையாடல் அசையவில்லை. 1998-ல் ராமச்சந்திரன் நாயர் என்ற முன்னாள் கான்ஸ்டபிள் வாய்திறந்தார்: 'பிடிபட்ட மனிதரை நான்தான் சுட்டேன், மேலதிகாரி லட்சுமணாவின் உத்தரவு.' சி.பி.ஐ. விசாரணை நடந்தது. நாயர் 2006-ல் இறந்துவிட்டார். 2010-ல் லட்சுமணாவுக்கு ஆயுள் தண்டனை. 1976-ல், கக்கயம் முகாம் நடந்த காலத்தில், கோழிக்கோடு மாவட்டக் காவல் கண்காணிப்பாளராக இருந்தவர் இதே லட்சுமணாதான். முதல் கொலைக்குக் கேள்வி கேட்கப்படாத இடத்தில்தான் அடுத்த முகாம் கட்டப்படுகிறது.

மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ராஜன் பேராசிரியர் மகன், பொறியியல் மாணவன், கலைவிழாவிலிருந்து வந்தவன். 'அவன் நக்சலைட்டே இல்லை' என்று எல்லோரும் சொன்னோம். ஒரே மாதத்தில் முதலமைச்சர் போனார். ரிக்சாத் தொழிலாளிக்காக அவர் தெருவே எரிந்தது, ஆனால் அவர் மனைவியின் ஒழுக்கம் வழக்கின் பொருளாக்கப்பட்டது. வர்கீஸ் நிஜமாகவே நக்சல்பாரி. அவரைப் பற்றி 'அவர் அப்படியில்லை' என்று சொல்ல வழியில்லை. ஆகவே 28 ஆண்டு மௌனம்.

நம் கோபத்துக்குள்ளேயே ஒரு தராசு இருக்கிறது. செத்தவர் அப்பாவியா என்று அது நிறுத்துப் பார்க்கிறது. போலீஸுக்கு இது நம்மைவிட நன்றாகத் தெரியும். அதனால்தான் ஒவ்வொரு காவல் மரணத்துக்குப் பிறகும் முதல் வேலையாகச் செத்தவர் மேலுள்ள பழைய வழக்குகளின் பட்டியல் பத்திரிகைகளுக்கு வருகிறது. ராஜன் உண்மையிலேயே காயண்ண தாக்குதலில் இருந்திருந்தால் உலக்கை நியாயமாகிவிடுமா? 'அப்பாவியைக் கொன்றுவிட்டார்களே' என்ற முழக்கம், அறியாமலேயே, 'அப்பாவி அல்லாதவனைக் கொல்லலாம்' என்ற அனுமதியைக் கூடவே தூக்கிக்கொண்டு வருகிறது.

சரி, கோபத்தால் ஒண்ணுமே ஆகலையா? ஆச்சு. ஐதராபாத் சம்பவமும், காவல் நிலைய வன்புணர்ச்சி வழக்கொன்றில் 1978-ல் உச்ச நீதிமன்றம் தந்த விடுதலையும் பெண்களைத் தெருவுக்குக் கொண்டுவந்தன. விளைவு 1983-ம் ஆண்டுச் சட்டத்திருத்தம்: காவலில் நடக்கும் வன்புணர்ச்சி வழக்கில், உறவு நடந்தது நிரூபணமாகி, தான் சம்மதிக்கவில்லை என்று பெண் சொன்னால், நீதிமன்றம் அதை நம்பியே தொடங்க வேண்டும். 1996-ல் டி.கே.பாசு வழக்கில் கைதுக்கான 11 கட்டளைகள். 2005-ம் ஆண்டுத் திருத்தம் காவல் மரணங்களுக்கு நீதித்துறை நடுவர் விசாரணையைக் கட்டாயமாக்கியது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் அடிபட்டு இறந்தபோது நடுவர் காவல் நிலையத்துக்குள் போய் விசாரிக்க முடிந்ததும், ஒரு பெண் தலைமைக் காவலர் தன் சகாக்களுக்கு எதிராகச் சாட்சி சொன்னதும் இந்த வரலாற்றின் தொடர்ச்சிதான்.

ஆனால் மையமான பூட்டு திறக்கப்படவில்லை. பூட்டிய அறைக்குள் நடந்ததற்குச் சாட்சி யார்? அடித்தவர்களும் செத்தவரும்தான். காவலில் ஒருவருக்குக் காயம் ஏற்பட்டால் அதை ஏற்படுத்தியது காவல் அதிகாரியே என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம் எனச் சாட்சியச் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்க்கச் சட்ட ஆணையம் தன் 113-வது அறிக்கையில் 1985-லேயே பரிந்துரைத்தது. உச்ச நீதிமன்றமும் 1995-ல் அதை நினைவூட்டியது. பழைய சட்டம் போய் 2024 ஜூலையில் புதிய சாட்சியச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோதும் அது இடம்பெறவில்லை. சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997-ல் கையெழுத்திட்டது, ஒப்புறுதி தரவில்லை. இவை மறதியால் நேர்ந்தவை என்று நான் நம்பவில்லை.

அந்தக் குமாஸ்தாவிடம் இவ்வளவையும் சொல்ல முடியவில்லை. "வெளிய வந்தது நெசந்தானுங்க, ஆனா அந்தப் பையன் இன்னும் வரலையே" என்றேன். அவர் டம்ளரை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். ஈச்சர வாரியர் 2006-ல் இறந்தார். 1977-ல் நீதிமன்றம் இட்ட கட்டளை, ராஜனைக் கொண்டுவந்து நிறுத்தச் சொன்ன கட்டளை, இன்னும் நிறைவேற்றப்படாமலே இருக்கிறது.