கண்டிப் பாறையும் நூறு வீதக் கணக்கும்

கண்டிக்குக் கிழக்கே திகனப் பகுதியில் வெட்டியெடுக்கப்படும் பளிங்குப் பாறை சுண்ணாம்புச் சூளைக்கும் போகிறது. தொலமைற்றுத் தூளாகித் தேயிலைத் தோட்ட மண்ணுக்கும் போகிறது. குளிர்ந்த ஐதான அமிலத்தை ஒரு துளி விட்டால் கல்சைற்று சட்டென நுரைக்கும். தொலமைற்று மந்தமாகவே நுரைக்கும். இது பண்பறி பகுப்பு. இரண்டும் கலந்த பாறையில் எது எவ்வளவு என்று சொல்லத் தராசும் அளவியும் வேண்டும்.

மரபுமுறை இவ்வாறு செல்லும். நிறுத்த தூளை ஐதரோகுளோரிக்கமிலத்தில் கரைத்து, கரையாத சிலிக்காப் பகுதியை வடிகட்டி எடுப்பர். அமோனியா சேர்த்ததும் இரும்பும் அலுமினியமும் ஐதரொட்சைட்டுகளாக வீழும். அவற்றை நீக்கியபின், அமோனியம் ஒட்சலேற்று கல்சியத்தை வீழ்படிவாக்கும். மகனீசியமும் சிறிது உடன் படிவதால், வீழ்படிவைக் கரைத்து மறுமுறை வீழ்த்துவது வழக்கம். கழுவிய வீழ்படிவை ஐதான சல்பூரிக்கமிலத்தில் கரைத்து, சூடாக இருக்கும்போதே பொற்றாசியம் பரமங்கனேற்றால் நியமிப்பர். தனிக் காட்டி தேவையில்லை; நிலைக்கும் இளஞ்சிவப்பே முடிவுநிலை. வடிதிரவத்திலுள்ள மகனீசியத்தை மகனீசியம் அமோனியம் பொசுபேற்றாக வீழ்த்தி, புடக்குகையில் நிலையான நிறை வரும்வரை சூடாக்கிப் பைரோபொசுபேற்றாக நிறுப்பர். அந்த நிறையில் 21.84 வீதம் மகனீசியம்.

தூய தொலமைற்றில் கல்சியம் ஒட்சைட்டு 30.4, மகனீசியம் ஒட்சைட்டு 21.9, காபனீரொட்சைட்டு 47.7 வீதம். மூன்றும் சேர்ந்தால் நூறு. ஒவ்வொன்றையும் தனித்தனியே அளந்திருந்தால்தான் அந்த நூற்றுக்குப் பொருளுண்டு. கடைசிக் கூறை நூற்றிலிருந்து கழித்து எழுதினால், முன்னைய பிழைகள் யாவும் அந்த எண்ணுக்குள் ஒளிந்துகொள்ளும்.

கூட்டுத்தொகை குறைவதும் ஒரு செய்தியே. 1886இல் ஜேர்மனியின் பிறைபேர்க்கில் கிளெமன்ஸ் விங்லர் ஆர்கிரோடைற்று என்ற வெள்ளிக் கனிமத்தைப் பகுத்தபோது, மீண்டும் மீண்டும் ஏறத்தாழ 7 வீதம் குறைந்தது. அக்குறையைத் துரத்திப் போனவர் கண்டெடுத்தது ஜேர்மேனியம் என்ற புதிய மூலகம்.

கண்டி மாவட்டத்துக்கும் இத்துறையில் ஒரு பெருமை உண்டு. அம்பகோட்டைக்கு அருகே கங்கப்பிட்டியவில் 1902இல் கிடைத்த நீலநிறக் கனிமத்தை, ஜி. ரி. பிரயரும் ஆனந்த குமாரசுவாமியும் 1903இல் புதிய கனிமமாக அறிவித்தனர். செரண்டிப் என்ற இலங்கையின் பழம்பெயரால் அது செரண்டிபைற்று ஆயிற்று. கலை அறிஞராகவே நம்மவர் போற்றும் குமாரசுவாமி, 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிமவியல் அளவையின் பணிப்பாளராக இருந்தவர். செரண்டிபைற்றில் கல்சியம், மகனீசியம், அலுமினியம், சிலிக்கன் ஆகியவற்றோடு போரனும் உண்டு. போரன் வழமையான வீழ்படிவு வரிசையில் தனியே பிடிபடாது; அமிலக் கரைசலை ஆவியாக்கும்போது போரிக்கமிலத்தின் ஒரு பகுதி நீராவியோடு போய்விடும். அதைத் தேடுபவருக்கே அது அகப்படும்.

1940களில் இரசாயனவியலாளர் சுவாசென்பாக் வளர்த்த, ஈடிரிஏ (EDTA) என்ற சோதனைப்பொருளைக் கொண்ட நியமிப்பு, கல்சிய மகனீசிய அளவீட்டைச் சில நிமிட வேலையாக்கியது. இன்று கருவிகள் அதையும் முந்திவிட்டன. ஆயினும் கருவியைச் சரிபார்க்கும் நியமக் கரைசலுக்கு அடிப்படை, கவனமாக நிறுத்த தூய பொருளே. எனவே ஆய்வுகூடத்தில் நிற்கும் மாணவருக்கு ஒரு வேண்டுகோள்: கூட்டுத்தொகை 99.3 வந்தால் 99.3 என்றே எழுதுங்கள், மீதி 0.7 எங்கே போனது என்று கேளுங்கள்.