ஆற்றின் குற்றமா?

ஆறு வழி மாறினால், “ஆண்டவன் சினந்தான்” என்று சொல்லிப் பிழைத்தோர் பல நாட்டிலும் உண்டு. சீனத்து மஞ்சளாறு அத்தகையோர்க்கு நல்லதொரு மூலதனமாக இருந்தது! ஏறத்தாழ 2,500 ஆண்டுகளில் 26 முறை அது பெருவழி மாறிற்று என்பர். சாண்டுங் தீபகற்பத்துக்கு வடக்கே கடல் சேர்ந்தது ஒரு காலம். தெற்கே சேர்ந்தது மற்றொரு காலம்!

காரணம் என்ன? மண்! மேட்டுநிலத்து மென்மையான மஞ்சள் மண்ணை வாரிவரும் ஆறு, சமவெளியில் வேகம் தளர்ந்ததும் அதனை இறக்கி வைக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் அவ்வண்டல் ஆண்டுக்கு 160 கோடி டன் அளவுக்கு இருந்தது. ஆற்றின் அடித்தளம் உயர்ந்தது. மக்கள் கரையை உயர்த்தினர். அடித்தளம் மேலும் உயர்ந்தது. கைபெங் நகரருகே ஆறு, ஊரைவிட உயரத்தில் ஓடுகிறது! உயரத்து நீர் பள்ளம் தேடாதோ?

கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில், அச்சமவெளியின் யே என்னும் ஊரில், வெள்ளம் தணிய ஆற்றுத் தேவனுக்கு இளம்பெண்ணை ‘மணமுடித்து’ நீரில் விடுவர். அதன் பெயரால் ஏழைகளிடம் பொருள் பறிப்பர். ஆட்சியாளனாக வந்த சீமென் பாவ், மணப்பெண் அழகாயில்லை, வேறொருத்தியை அனுப்புவதாகத் தேவனிடம் கூறிவரட்டும் என்று பூசாரிக் கிழவியையே ஆற்றில் தள்ளச் செய்தான் என்று சீன வரலாற்றேடு கூறுகிறது. கொடுமை நின்றது! பிறகு 12 கால்வாய்கள் வெட்டினான், வயல் விளைந்தது.

பூசாரியின் புரட்டு இது. அரசுகளின் செயல் இதனினும் கொடிது. 1128இல் ஜுர்சென் படையைத் தடுக்கச் சுங் அரசின் அதிகாரி கரையை உடைத்தான். ஆறு தெற்கே திரும்பிற்று. 1855இல் கரை உடைந்தபோது, தைப்பிங் கிளர்ச்சியை ஒடுக்க முனைந்திருந்த மஞ்சு அரசு உடைப்பை அடைக்கவில்லை. ஆறு வடக்கே பெயர்ந்தது. 1938 ஜூனில் ஜப்பானியப் படையைத் தடுக்கச் சியாங் கை-ஷேக் அரசு ஹுவாயுவான்கௌ கரையைத் தகர்த்தது. உழவனுக்கு ஒரு சொல் எச்சரிக்கையில்லை! வெள்ளத்திலும், அதைத் தொடர்ந்த பசியிலும் நோயிலும் பல இலட்சம் மக்கள் மாண்டனர். ஜப்பானிய வானூர்தியின் குண்டே காரணம் என்று அரசு பழி மாற்றிற்று. 1947இல்தான் உடைப்பு அடைபட்டது.

பிற்காலத்தில் மேட்டுநிலத்தில் மரம் நட்டனர், படிக்கட்டு வயல் அமைத்தனர், அணை கட்டினர். வண்டல் பன்மடங்கு குறைந்தது. பூசைக்கு அடங்காத ஆறு, உழைப்புக்கும் அறிவுக்கும் ஓரளவு இணங்கிற்று!

ஆறு பெயர்வது இயற்கை. ஆனால், ஊர் மூழ்கியபோதெல்லாம் ஊழ்வினை என்று ஒதுங்கலாமோ? கரையை உடைத்தவர் யார், காக்கத் தவறியவர் யார் என்று கேட்போம். மாண்ட உழவனுக்கு வரலாறு பட்ட கடன் அதுவே!