தஞ்சாவூர்க் கீர்த்தனை கண்டோன்மென்ட்டுக்கு வந்த கதை

பெங்களூரில் தமிழ் ஆராதனை நடக்கும் சி.எஸ்.ஐ. சர்ச் ஒன்றுக்கு ஞாயிறு காலையில் போய் உட்காருங்கள். பாமாலை முடிந்து கீர்த்தனை வரும். பாமாலை சீமை மெட்டு, கீர்த்தனை நம் மெட்டு. புத்தகத்தில் பாட்டின் தலைமாட்டில் ராகமும் தாளமும் அச்சாகியிருக்கும். கீபோர்டு வாசிக்கும் பையன் அதைப் பார்ப்பதேயில்லை.

அந்தக் கீர்த்தனைகளில் பல, வேதநாயகம் சாஸ்திரியார் கட்டியவை. 1774-ல் திருநெல்வேலியில் பிறந்தவர். சிறுவனாக இருந்தவரை மிஷனரி ஷ்வார்ட்ஸ் ஐயர் தஞ்சாவூருக்கு அழைத்துவந்து படிக்கவைத்தார். பின்னாளில் மன்னரான சரபோஜிக்கும் குரு ஷ்வார்ட்ஸ்தான். பக்கத்துத் திருவையாற்றில் தியாகராஜர் பாடிக்கொண்டிருந்த காலம் அது. அந்தக் காற்றைச் சுவாசித்தவர், பல்லவி, அனுபல்லவி, சரணமாகவே இயேசுவைப் பாடினார். குறத்தியையும் விடவில்லை, ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடினார். சுவிசேஷக் கவிராயர் என்று பட்டம்.

பிறகு சண்டை. புதிதாக வந்த மிஷனரிகள் வேதாகமத்துக்குப் புது மொழிபெயர்ப்பு கொண்டுவந்தார்கள். கல்யாணத்தில் பூமாலை கூடாது, விசேஷங்களில் தமிழ்ப் பாட்டு கூடாது, கோயிலில் சாதிக்கொரு இடம் கூடாது என்றார்கள். சாஸ்திரியார் நான்கையும் எதிர்த்தார். பாட்டுக்காக அவர் மல்லுக்கட்டியது சரி. சாதிக்காக ‘சாதி திருத்தலின் பயித்தியம்’ என்று 1829-ல் எழுதியது சரியில்லை. இதை மறைத்துவிட்டு அவருக்கு விழா எடுப்பதில் எனக்குச் சம்மதமில்லை. இந்தச் சண்டையில் சாஸ்திரியாரின் மிஷன் வேலை போயிற்று, சரபோஜி ஆதரித்தார்.

பாட்டுக்கு மறுவாழ்வு மதுரையில் கிடைத்தது. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப், சாஸ்திரியார் பாடல்களையும் சேர்த்து 1853-ல் கீர்த்தனைப் புத்தகம் அச்சிட்டார். ஓலையிலும் வாயிலும் இருந்தது கைக்கு அடக்கமாயிற்று.

புத்தகமென்றால் ஊர் மாறும்போது மூட்டையில் வைத்துக்கொள்ளலாம் அல்லவா? 1809-ல் தொடங்கிய பெங்களூர் கண்டோன்மென்ட்டுக்கு மதராஸ் பட்டாளத்தோடு சிப்பாய், சமையல்காரர், குதிரைக்காரர் என்று தமிழ்க் குடும்பங்கள் வந்தபடியே இருந்தன. சாஸ்திரியார் 1864 ஜனவரியில் காலமானார். அதே ஆண்டில்தான் ஜோலார்பேட்டையிலிருந்து கண்டோன்மென்ட்டுக்கு ரயில் ஓடத் தொடங்கியது.

இன்று பெங்களூர்த் தமிழ் சர்ச்சுகளில் சாதிக்கொரு பெஞ்ச் கிடையாது. பாடலை எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்துதான் பாடுகிறார்கள். அந்தக் கீபோர்டு பையனுக்கு மட்டும் யாராவது, தலைமாட்டில் இருக்கும் ராகத்தை ஒருமுறை பாடிக் காட்டுங்கள்.