பட்டினிக்கு கட்டம் கிடையாது

"அந்தக் காலத்துல கம்பங்கூழ் குடிச்சுட்டு நூறு வயசு வரைக்கும் திடமா இருந்தாங்க" என்று சொல்லாத பெருசு நம்ம பக்கம் உண்டா? இன்னொரு கோஷ்டி இருக்கு. "வெள்ளைக்காரன் காலத்துல சராசரி ஆயுசே 25தான்"னு புள்ளிவிவரத்தோட வரும். ரெண்டு பேர் சொல்றதையும் அப்படியே எடுத்துக்க முடியாது.

முதல்ல சராசரி. பத்து பேர் பிறக்கறாங்க. அஞ்சு பேர் ஒரு வயசுல போயிடறாங்க, மீதி அஞ்சு பேர் 49 வயசு வரை இருக்காங்க. சராசரி 25. ஆனா 25 வயசுல செத்தவங்க ஒருத்தர் கூட இல்லை! குழந்தைச் சாவுதான் அந்த எண்ணைக் கீழே இழுக்குது. இங்கிலாந்துலயும் இதே கதைதான். 1842ல எட்வின் சாட்விக் வெளியிட்ட அறிக்கையில, மான்செஸ்டர் கூலித் தொழிலாளிகள் சாகும் சராசரி வயசு 17, அதே ஊர்ல மேல்தட்டு ஆட்களுக்கு 38. சாக்கடை, குடிதண்ணி, நெரிசல் எல்லாம் அந்த வித்தியாசத்துக்குள்ள இருக்கு.

இப்ப நம்ம ஊருக்கு வருவோம். 1856ல ராயபுரத்துல இருந்து வாலாஜா ரோடு வரைக்கும் தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடினது அரக்கோணம் வழியாத்தான். 1871ல ரெய்ச்சூர் பாதையும் முடிஞ்சதும் அரக்கோணம் பெரிய ஜங்ஷன் ஆயிடுச்சு. அஞ்சே வருஷத்துல தாது வருஷப் பஞ்சம் (1876-78) வந்தது. மெட்ராஸ் துறைமுகத்துல இறங்கின அரிசி மூட்டைகள் இந்தத் தண்டவாளத்துலதான் உள்நாட்டுக்குப் போச்சு. தானியம் வந்துச்சு, ஆனா அதை வாங்கக் கையில காசு இல்லை.

1871 கணக்கெடுப்புல வட ஆற்காடு ஜில்லாவின் ஜனத்தொகை சுமார் 20 லட்சம். 1881ல சுமார் 18 லட்சம். பத்து வருஷத்துல ஏற வேண்டிய எண் ரெண்டு லட்சம் இறங்கியிருக்கு. அத்தனையும் சாவு இல்லைதான். ஊரை விட்டுப் போனவங்களும், பஞ்சத்துல பிறக்காமலே போன குழந்தைகளும் இதுல அடக்கம்.

சரி, என்ன நோய்ல செத்தாங்க? ஊர்ல சாவு விழுந்தா எழுதி வைக்கறது கிராம அதிகாரிங்க வேலை. டாக்டர் யாரும் வந்து பார்த்து எழுதறது இல்லை. மேலே போற பட்டியல்ல காலரா, பெரியம்மை, காய்ச்சல், வயிற்றுப்போக்கு, காயம், அப்புறம் "இதர காரணங்கள்"னு சில கட்டங்கள். பட்டினின்னு தனிக் கட்டம் வழக்கமான பட்டியல்ல கிடையாது. ட்ராப்டவுன்ல இல்லாத ஆப்ஷனை யார் செலக்ட் பண்ண முடியும்? :) எலும்பும் தோலுமா இருந்தவன் குட்டைத் தண்ணியைக் குடிச்சு செத்தா அது காலரா. மழை திரும்பினதும் மலேரியா வந்து செத்தா அது காய்ச்சல். எழுதினது பொய் இல்லை, ஆனா முழு உண்மையும் இல்லை.

இதுல ஒருத்தரைச் சொல்லியாகணும். 1877ல சர் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்யறவனுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும்னு கூலியைக் குறைச்சார். ஒரு பவுண்டுன்னா அரைக் கிலோ கூட இல்லை. இதை வச்சு உடம்பு உழைப்பு தாங்காதுன்னு எதிர்த்து எழுதினவர் மெட்ராஸ் சுகாதார கமிஷனர் கார்னிஷ். அவரும் வெள்ளைக்காரர், அரசாங்க அதிகாரிதான். பிறகு அந்த வருஷமே கூலியைக் கூட்டினாங்க. சாவுக் கணக்கை ஒழுங்கா படிச்ச ஒரு ஆளால எத்தனை உயிர் மிஞ்சியிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

பழைய கதைன்னு ஒதுக்கவும் முடியலை. 2020ல கூட இந்தியாவுல பதிவான சாவுகள்ல நாலில் ஒரு பங்குக்கும் குறைவானதுக்குத்தான் மருத்துவர் சான்றளிச்ச காரணம் இருக்கு. 2015 ஜனவரியில ராணிப்பேட்டையில தோல் கழிவுநீர்த் தொட்டி உடைஞ்சு 10 பேர் செத்தாங்க. அது ஒரே ராத்திரியில நடந்ததால எல்லாருக்கும் தெரிஞ்சது. வருஷக் கணக்கா அந்தத் தண்ணியும் ரசாயனமும் உடம்புல ஏறி ஒருத்தர் போனா எந்தக் கட்டத்துல எழுதுவாங்க?

உங்க வீட்டுப் பெரியவங்க யாராவது தாது வருஷம் பத்திச் சொல்லியிருக்காங்களா? யார் ஊரை விட்டுப் போனாங்க, எந்தக் கிளை அத்துப் போச்சுன்னு கேட்டு எழுதி வையுங்க மக்களே. சர்க்கார் கணக்குல அந்த விவரம் கிடைக்காது.