நீதிமன்ற சம்மனை வாங்காம விட்டா வழக்கு போயிடுமா? வாய்தா, எக்ஸ்பார்ட்டி, ஸ்டே, கேவியட்... எளிய விளக்கம்!

வீட்டு வாசலில் நீதிமன்ற ஊழியர் நிற்கிறார். "இதுல ஒரு கையெழுத்து போடுங்க" என்று ஒரு பேப்பரை நீட்டுகிறார். பல வீடுகளில் உடனே வரும் பதில், "நாங்க எதுலயும் கையெழுத்து போட மாட்டோம்" என்பதுதான். பேப்பரை வாங்காவிட்டால் வழக்கே இல்லை என்று ஒரு நம்பிக்கை. ஆனால் உண்மை அப்படியே தலைகீழ். நீதிமன்ற வார்த்தைகள் பலவற்றின் பின்னால் ஒரு கெடு இருக்கிறது. அது தெரியாமல் வீட்டையே இழக்கும் நிலை வரலாம். சொத்து, கடன், பாகப்பிரிவினை போன்ற சிவில் வழக்குகளில் அடிக்கடி காதில் விழும் வார்த்தைகளைப் பார்க்கலாம்.

வக்கீல் நோட்டீஸும் சம்மனும் ஒண்ணா?

இல்லை. வக்கீல் நோட்டீஸ் எதிர்தரப்பு வக்கீல் அனுப்புவது. அப்போது வழக்கு தொடங்கியிருக்க வேண்டிய அவசியமில்லை. அதற்காக அலட்சியமாகவும் விடக்கூடாது. செக் பவுன்ஸ் விவகாரத்தில், நோட்டீஸ் கிடைத்த 15 நாட்களுக்குள் பணத்தைக் கொடுக்காவிட்டால் கிரிமினல் வழக்கு தொடர முடியும்.

சம்மன் என்பது நீதிமன்றம் அனுப்பும் அழைப்பாணை. 'உங்கள் மேல் வழக்கு வந்திருக்கிறது, இந்த தேதியில் ஆஜராகுங்கள்' என்பதுதான் அதன் பொருள். வழக்கு போட்டவர் வாதி. யார் மேல் போடப்பட்டதோ அவர் பிரதிவாதி. சம்மன் வந்தாலே தப்பு செய்தவர் என்று அர்த்தமில்லை.

கையெழுத்து போட மறுத்தால்? ஊழியர் நகலை வீட்டுக் கதவில் ஒட்டிவிட்டு நீதிமன்றத்தில் அறிக்கை கொடுப்பார். சம்மன் முறைப்படி சேர்ந்துவிட்டது என்று நீதிமன்றம் முடிவு செய்யலாம். இதைத்தான் 'சார்வு' ஆகிவிட்டது என்கிறார்கள்.

வக்காலத்து, எதிருரை

உங்களுக்காக வழக்கை நடத்த வக்கீலுக்கு நீங்கள் எழுதிக் கொடுக்கும் அதிகாரப் பத்திரமே வக்காலத்து. அதோடு வேலை முடிந்துவிடாது. வாதி சொன்னதற்கு எழுத்துப்பூர்வமாக பதில் தாக்கல் செய்ய வேண்டும். அதுதான் எதிருரை. சம்மன் சேர்ந்த நாளிலிருந்து 30 நாள் கெடு. தகுந்த காரணம் இருந்தால் 90 நாட்கள் வரை நீட்டிக்க உரிமையியல் நடைமுறைச் சட்டம் இடம் தருகிறது.

வாய்தா

வழக்கை வேறு தேதிக்குத் தள்ளிவைப்பதும், அந்தத் தேதியும் பேச்சு வழக்கில் வாய்தாதான். விசாரணையின்போது ஒரு தரப்புக்கு 3 தடவைக்கு மேல் வாய்தா தரக்கூடாது என்கிறது சட்டம். நடைமுறையில் எண்ணிக்கை கூடுவது உண்டு. அதை நம்பி 'எப்படியும் தள்ளிப்போகும்' என்று போகாமல் இருப்பதுதான் ஆபத்து.

எக்ஸ்பார்ட்டி

பிரதிவாதி வராவிட்டால், வாதி சொல்வதை மட்டும் கேட்டு நீதிமன்றம் தீர்ப்பு கொடுக்கலாம். இதுதான் ஒருதலைப்பட்ச தீர்ப்பு, அதாவது எக்ஸ்பார்ட்டி. நேரில் வாதாடித் தோற்ற தீர்ப்புக்கு என்ன பலமோ, அதே பலம் இதற்கும் உண்டு.

இதை ரத்து செய்யக் கோரி 30 நாட்களுக்குள் மனு போடலாம். சம்மன் முறைப்படி சேரவில்லை என்றால், தீர்ப்பு பற்றித் தெரிய வந்த நாளிலிருந்து இந்த 30 நாள் கணக்காகும். கெடு தாண்டினால் தாமதத்துக்கான காரணத்தைச் சொல்லி, அதை மன்னிக்கக் கோரும் மனுவும் சேர்த்துப் போட வேண்டும். ஏற்பதா வேண்டாமா என்பது நீதிமன்றத்தின் முடிவு.

எதுவுமே செய்யாமல் விட்டால்? தீர்ப்பை நிறைவேற்றித் தரச் சொல்லி மனு போட வாதிக்கு பொதுவாக 12 ஆண்டுகள் வரை அவகாசம் உண்டு. எப்போதோ மறந்துபோன வழக்குக்காக, திடீரென்று ஒருநாள் வீட்டை ஜப்தி செய்ய அமீனா வந்து நிற்பது இப்படித்தான்.

வாதி வராவிட்டால் வழக்கு தள்ளுபடி ஆகலாம். அதற்குப் பெயர் 'டிஸ்மிஸ் ஃபார் டிஃபால்ட்'. மீண்டும் உயிர்ப்பிக்க மனு போட அவருக்கும் 30 நாள்தான்.

ஸ்டே வாங்கினா ஜெயிச்ச மாதிரியா?

இல்லை. ஸ்டே என்பது ஒரு உத்தரவையோ நடவடிக்கையையோ தற்காலிகமாக நிறுத்தி வைப்பது. 'அந்த இடத்தில் கட்டடம் கட்டக்கூடாது' என்று ஒருவரைத் தடுப்பது தடையாணை, அதாவது இன்ஜங்ஷன். இடைக்கால உத்தரவு எதுவாக இருந்தாலும் அது இறுதித் தீர்ப்பு ஆகாது.

நமக்குத் தெரியாமல் எதிர்தரப்பு ஸ்டே வாங்கிவிடுமோ என்று பயமா? 'என்னைக் கேட்காமல் உத்தரவு போடாதீர்கள்' என்று முன்கூட்டியே கேவியட் மனு போட்டு வைக்கலாம். அது 90 நாட்கள் செல்லும்.

கிரிமினல் வழக்கா, எப்படித் தெரிஞ்சுக்கறது?

பேப்பரில் வழக்கு எண்ணைப் பாருங்கள். தமிழ்நாட்டில் ஓ.எஸ். என்று தொடங்கினால் சிவில் வழக்கு. சி.சி. என்றால் குற்றவியல் வழக்கு. குற்றவியல் சம்மனுக்கு ஆஜராகாமல் இருந்தால் வாரண்ட், அதாவது பிடியாணை வரலாம். 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, சம்பந்தப்பட்டவர் வீட்டில் இல்லையென்றால் உடன் வசிக்கும் வயது வந்த பெண்களிடமும் சம்மனைக் கொடுக்கலாம். பழைய சட்டத்தில் ஆண்களிடம் மட்டுமே கொடுக்க முடியும்.

வக்கீல் வைக்க வசதி இல்லையா?

15100 என்ற சட்ட உதவி எண்ணுக்குப் பேசலாம். நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் குழுவிலும் கேட்கலாம். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் கிடைப்பார்.

ஒவ்வொரு வழக்குக்கும் 16 இலக்க சி.என்.ஆர். எண் உண்டு. இ-கோர்ட்ஸ் செயலியில் அதைப் போட்டால், அடுத்த வாய்தா எப்போது என்று மொபைலிலேயே தெரிந்துவிடும்.

எனவே சம்மன் வந்தால் முதலில் வாங்குங்கள். எந்த தேதியில் கைக்கு வந்தது என்று குறித்து வையுங்கள். அன்றிலிருந்துதான் உங்கள் 30 நாள் ஓடத் தொடங்குகிறது.