மக்கள் பூங்கா முதல் தாம்பரம் வரை

தாம்பரத்திலிருந்து கடற்கரை நோக்கிச் செல்லும் மின்தொடர் வண்டி எழும்பூரைக் கடந்ததும் நிற்கும் நிலையத்திற்குப் 'பூங்கா' என்று பெயர். அதனைச் சூழ்ந்த நகர்ப்பகுதிக்குப் 'பூங்கா நகர்' என்று பெயர். நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் அங்கே ஏறுகின்றனர், இறங்குகின்றனர். எந்தப் பூங்காவின் பெயரால் அந்நிலையம் வழங்குகிறது என்று வினவினால் விடை கூறவல்லார் மிகச் சிலரே. பெயர் நிலைத்துவிட்டது, பெயருக்குரிய பொருள் மறைந்துவிட்டது. அது மறைந்த வரலாற்றை ஆராய்வது வெறும் பழங்கதை பேசுவதாகாது. தாம்பரத்தையும் அதனையடுத்த ஊர்களையும் எதிர்நோக்கி நிற்கும் ஒரு வினாவுக்கு அவ்வரலாற்றிலேயே விடை இருக்கிறது. பொதுமக்களுக்கென்று ஒதுக்கிய நிலத்தை உள்ளாட்சியிடம் ஒப்படைத்துவிட்டால் மட்டும் போதுமா என்பதே அவ்வினா.

உயிர்க் காலேஜ் இருந்த இடம்

1859ஆம் ஆண்டு சென்னையின் ஆளுநராகப் பொறுப்பேற்றவர் சர் சார்லஸ் டிரெவிலியன். வருமான வரித் திட்டத்தை எதிர்த்துத் தம் கருத்தை வெளிப்படையாக அறிவித்தமையால் அடுத்த ஆண்டிலேயே அவர் திருப்பி அழைக்கப்பட்டார். அந்தச் சிறிது காலத்தில் அவர் நகருக்கு விட்டுச் சென்ற பெருங்கொடை மக்கள் பூங்கா. நெரிசல் மிகுந்த கறுப்பர் நகரத்து மக்கள் காற்று வாங்கவும் உலாவவும் ஓரிடம் வேண்டும் என்பது அவருடைய நோக்கம். இன்றைய சென்ட்ரல் நிலையத்திற்கு அண்மையில் 116 ஏக்கர் பரப்பில் அது அமைந்தது. குளங்களும் நடைபாதைகளும் இசை மேடையும் அங்கே இருந்தன. 1855இல் எட்வர்டு பால்பர் அருங்காட்சியகத்தில் தொடங்கிய விலங்குக் காட்சிச்சாலையும் 1860களின் தொடக்கத்தில் இங்கே வந்து சேர்ந்தது. அருங்காட்சியகத்தைச் 'செத்த காலேஜ்' என்றும் விலங்குக் காட்சிச்சாலையை 'உயிர்க் காலேஜ்' என்றும் சென்னை மக்கள் நகைச்சுவை ததும்ப வழங்கினர்.

இத்துணைச் சிறப்புடைய பூங்காவின் காவல் நகராட்சி மன்றத்தின் கையிலேயே இருந்தது. அக்காவலின் கீழ் நிகழ்ந்தவற்றைக் காண்போம்.

விக்டோரியா அரசியாரின் பொன்விழா நினைவாக நகருக்கு ஒரு பொது மண்டபம் வேண்டும் என்றனர். பூங்காவில் ஒரு பகுதி 99 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டது. 1888இல் விக்டோரியா மண்டபம் எழுந்தது. பின்னர், தெருவோர வணிகர்களுக்கு ஒழுங்கான அங்காடி வேண்டும் என்றனர். நகராட்சித் தலைவராயிருந்த சர் ஜார்ஜ் மூரின் பெயரால் 1900இல் மூர் மார்க்கெட் திறக்கப்பட்டது. அடுத்து, மன்றத்திற்கே தகுதியான மாளிகை வேண்டும் என்றனர். 1913இல் ரிப்பன் மாளிகை நிறைவுற்றது. பிறகு விளையாட்டரங்கம் வந்தது. அது வளர்ந்து 1993இல் இன்றைய நேரு விளையாட்டரங்கமாயிற்று. 1985இல் மூர் மார்க்கெட் தீக்கிரையானது. அவ்விடத்தில் புறநகர் ரயில்களுக்கான கட்டடம் எழுந்தது. அதே ஆண்டில் உயிர்க் காலேஜும் வண்டலூருக்குக் குடிபெயர்ந்தது. 'மை லேடீஸ் கார்டன்' என்னும் சிறு தோட்டம் ஒன்றே பழைய பூங்காவின் எச்சமாக நிற்கிறது.

வாசகர் ஈண்டு ஒன்றை ஊன்றி நோக்க வேண்டும். மண்டபம் தீயதா? அங்காடி தீயதா? மன்ற மாளிகையும் விளையாட்டரங்கமும் ரயில் நிலையமும் தீயனவா? அல்லவே! ஒவ்வொன்றும் நகருக்கு வேண்டிய நற்பணியே. இந்தப் பூங்காவைக் கள்வர் எவரும் இரவோடு இரவாகக் கவர்ந்து செல்லவில்லை. நற்பணிகளே ஒன்றன்பின் ஒன்றாக வந்து அதனை உண்டுவிட்டன. காவலனே தன் இல்லத்தைத் தோட்டத்தின் நடுவே கட்டிக்கொண்டான் என்பதற்கு ரிப்பன் மாளிகை வெள்ளை வெளேரென்று நின்று சான்று பகர்கிறது. வெற்றிடமாகக் காணப்படும் நிலம் எதற்கும் பயன்படாத நிலம் என்று ஆட்சியாளர் கருதுவதே இந்த இழப்பின் வேர். குழந்தை ஓடுவதும் முதியவர் அமர்வதும் ஒரு பயன் என்று எந்தப் பேரேடும் வரவு வைப்பதில்லை.

காவலனையும் கட்டும் விதி

இதற்கு மாறான வழி உலகில் இல்லாமல் இல்லை. சென்னையில் மக்கள் பூங்கா சிறுகக் குறையத் தொடங்கிய அதே காலத்தில், இலண்டன் நகரை அடுத்த எப்பிங் காடு வேலியிடப்பட்டுத் தனியார் வசமாகி வந்தது. மக்கள் கிளர்ந்தெழுந்தனர். 1878இல் பிரித்தானியப் பாராளுமன்றம் தனிச் சட்டம் இயற்றி, அக்காட்டை இலண்டன் நகர மாநகராட்சியின் காவலில் வைத்தது. ஆனால் வெறுமனே ஒப்படைக்கவில்லை. அதனை வேலியின்றியும் கட்டடமின்றியும் மக்களின் பொழுதுபோக்குக்காக எக்காலமும் காத்தல் வேண்டும் என்று மாநகராட்சியின் கையையும் சேர்த்துக் கட்டியது. அக்காடு இன்றும் காடாகவே இருக்கிறது.

அரபு மண்ணிலும் இதற்கு ஒப்பான பழமையான வழக்கம் ஒன்று உண்டு. பொது நலனுக்காக ஆட்சி ஒதுக்கிக் காத்த மேய்ச்சல் நிலத்தை 'ஹிமா' என்பர். கலீபா உமர் அவர்கள் தம் காலத்தில் அத்தகைய ஹிமாவுக்கு ஹுனை என்பாரைக் காவலராக நியமித்தபோது, சில ஒட்டகங்களும் சில ஆடுகளுமே உடைய எளியோரை உள்ளே விடுமாறும், பெருமந்தை உடைய செல்வர்களை விலக்குமாறும் பணித்ததாக வரலாறு கூறுகிறது. செல்வருக்கு வேறு தோட்டமும் வயலும் உண்டு. எளியோருக்கு இது ஒன்றே கதி என்பதே அதற்கு அவர்கள் காட்டிய காரணம். பொதுவெளி யாருக்கு முதலில் உரியது என்பதை இதனினும் தெளிவாகச் சொல்ல இயலுமோ?

காற்றை நாடி வந்த ஊர்

இனித் தாம்பரத்திற்கு வருவோம். இவ்வூர் வளர்ந்ததே திறந்தவெளியின் பெருமையால்தான். 1928இல் டாக்டர் சௌரிமுத்து இங்கே காசநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். நோய்க்குத் தக்க மருந்து கண்டறியப்படாத அக்காலத்தில் தூய காற்றே மருந்தெனக் கருதப்பட்டது. 'சானடோரியம்' என்று ரயில் நிலையமும் அதன் பெயர் பூண்டது. 1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்திற்குமிடையே மின்தொடர் ஓடத் தொடங்கியது. 1937இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி நகரத்து நெரிசலை விட்டு இங்கே முந்நூறு ஏக்கருக்கு மேற்பட்ட வளாகத்திற்கு வந்தது. அவ்வளாகத்தின் புதர்க்காட்டில் இன்றும் மான்கள் திரிகின்றன.

காற்றை நாடி வந்தவர்களின் பின்னே மனை நாடி வந்தவர்கள் திரண்டனர். ரயில் பாதையின் இருமருங்கிலும் வயல்கள் மனைப்பிரிவுகளாயின. தாம்பரம் 1964இல் நகராட்சியாயிற்று. ஏரிகளும் மந்தைவெளிகளும் சூழ்ந்திருந்த சிற்றூர்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. இந்நிலையில் திறந்தவெளியைக் காக்கச் சட்டம் இல்லையா எனின், உண்டு. ஒன்றல்ல, பல உண்டு.

1959லேயே பூங்காக்கள், விளையாட்டிடங்கள், திறந்தவெளிகள் ஆகியவற்றைப் பாதுகாப்பதற்கென இம்மாநிலத்தில் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. ஒவ்வோர் உள்ளாட்சியும் தன் எல்லைக்குள் உள்ள பூங்காக்களைப் பட்டியலிட வேண்டும். பட்டியலில் ஏறிய நிலத்தை அரசின் முன்னனுமதியின்றி வேறு காரியத்திற்குப் பயன்படுத்தலாகாது என்பது அதன் சாரம். சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் அமைந்த பின்னர் மனைப்பிரிவுகளுக்குத் திறந்தவெளி ஒதுக்கீட்டு விதி வந்தது. 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலைகள் நீங்கலான பரப்பில் 10 விழுக்காட்டைப் பொதுவெளியாக ஒதுக்கித் தானப் பத்திரம் வாயிலாக ஒப்படைத்தல் வேண்டும். 10,000 சதுர மீட்டர் வரை நிலத்திற்கு ஈடாகப் பணம் செலுத்த இடமுண்டு. அதற்கு மேற்பட்டால் நிலத்தையே தருதல் வேண்டும். 1992இல் நிறைவேறிய அரசியலமைப்பின் 74ஆவது திருத்தம், பூங்காக்களையும் விளையாட்டுத் திடல்களையும் நகர உள்ளாட்சிகளின் பணிகளுள் ஒன்றாகப் பன்னிரண்டாம் அட்டவணையில் சேர்த்தது.

நீதிமன்றமும் வாளாவிருக்கவில்லை. பெங்களூர் சதாசிவநகரில் பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தை மருத்துவமனை கட்டுவதற்காகத் தனியார் அறக்கட்டளைக்கு வழங்கினர். அக்கம்பக்கத்துக் குடியிருப்போர் வழக்குத் தொடுத்தனர். 1991இல் உச்ச நீதிமன்றம் அவ்வொதுக்கீடு செல்லாது எனத் தீர்ப்பளித்தது. ஈண்டும் எதிர்நின்றது நற்பணியே என்பதைக் காண்க. மருத்துவமனையினும் சிறந்த நற்பணி எது? ஆயினும் பூங்காவைப் பூங்காவாகக் காப்பதும் மக்களின் நல்வாழ்வுக்கான பணியே என்று நீதிமன்றம் கண்டது.

மேற்பார்ப்போர் யார்?

சட்டம் ஏட்டில் இருக்கலாம். அதனைக் கேட்டு நடத்த ஆள் வேண்டுமே! சென்னை மாநகராட்சியில் 1973 முதல் 1996 வரை தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லை. உயிர்க் காலேஜ் வெளியேறியதும் மூர் மார்க்கெட் எரிந்ததும் அவ்விடைக்காலத்தில்தான். மன்றம் இருந்த காலத்திலும் பூங்கா தேய்ந்தது என்பதை மேலே கண்டோம். எனவே மன்றம் இருந்தால் மட்டும் எல்லாம் நலமாகிவிடும் என்று நாம் கூறவில்லை. ஆனால் மன்றமே இல்லாத காலத்தில், ஏன் என்று வினவுவதற்குரிய அவையும் இல்லாமற் போகிறது. தமிழகத்தின் நகர உள்ளாட்சிகளுக்கு 2016 முதல் 2022 வரை தேர்தல் நடைபெறவில்லை. தனி அலுவலர்களே ஆண்டனர். தாம்பரம் முதலிய புறநகர்கள் வேகமாக வளர்ந்துகொண்டிருந்த ஆண்டுகள் அவை.

அவ்விடைக்காலத்தின் இறுதியில், 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவாயிற்று. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய 5 நகராட்சிகளும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை ஆகிய 5 பேரூராட்சிகளும் அதனுள் அடங்கின. 2022 பிப்ரவரியில் 70 வார்டுகளுக்குத் தேர்தல் நடைபெற்றது. பத்து ஊர்களின் பொறுப்பு ஒரே கைக்கு வந்தது என்பதன் பொருள் யாது? பத்து அலுவலகங்களில் வைத்திருந்த தானப் பத்திரங்களும் மனைப்பிரிவு வரைபடங்களும் ஒரே இடத்தின் பொறுப்பாயின என்பதாகும். இடமாற்றத்தில் ஒரு தாள் தவறினால் ஒரு பூங்கா தவறும். வரைபடத்தில் பச்சை வண்ணமிட்ட இடத்தில் மேல்நிலை நீர்த்தொட்டியோ நியாயவிலைக் கடையோ எழுந்தால், அதுவும் நற்பணிதானே என்று நாம் வாளாவிருந்துவிடுவோம். மக்கள் பூங்கா மறைந்த வழி அதுவே.

இழந்ததை மீட்கலாகும் என்பதற்கும் இப்பகுதியிலேயே சான்றுண்டு. சிட்லபாக்கம் ஏரியில் ஊர்க் குப்பை பல்லாண்டுகள் கொட்டப்பட்டு வந்தது. அவ்வூரார் சோர்வின்றி முறையிட்டனர். தாமே இறங்கித் தூய்மைப் பணியும் செய்தனர். 2019இல் ஏரியைச் சீரமைக்க 25 கோடி ரூபாய் அறிவிக்கப்பட்டுப் பணி நடந்தது. சட்டம் செய்ய வேண்டியதைச் செய்வித்தவர் கேள்வி கேட்ட குடிமக்களே.

இன்று அக்கேள்விக்கு முறையான களமும் உண்டு. 2022இல் வகுத்த விதிகளின்படி வார்டுக் குழுக்களும் பகுதி சபைகளும் அமைந்தன. அவ்வாண்டு நவம்பர் 1ஆம் நாள், உள்ளாட்சி தினத்தன்று, தாம்பரம் மாநகராட்சிக்குட்பட்ட பம்மலில் நடந்த பகுதி சபைக் கூட்டத்தில் அன்றைய முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் கலந்துகொண்டார். குடிநீரும் கழிவுநீரும் சாலையும் அத்தகைய கூட்டங்களில் பேசப்படுதல் இயல்பு. அவற்றோடு மற்றொன்றும் பேசப்படல் வேண்டும். அவ்வட்டாரத்தில் தானப் பத்திரத்தால் பெற்ற திறந்தவெளிகள் எத்தனை, ஒவ்வொன்றின் பரப்பு எவ்வளவு, எல்லைகள் யாவை, இன்று அங்கே இருப்பது யாது என்னும் பட்டியலை ஆண்டுக்கொரு முறையேனும் சபையில் வாய்விட்டுப் படித்தல் வேண்டும். அதே பட்டியலைப் பூங்காவின் வாயிலிலும் பலகையில் எழுதி நிறுத்துதல் வேண்டும். இதற்குப் புதுச் சட்டம் வேண்டா, பெருஞ்செலவும் இல்லை.

நம்மிடம் ஒருவர் ஒப்படைத்த பொருளை 'அமானிதம்' என்கிறோம். அமானிதத்தை இதனினும் நல்லதொரு காரியத்திற்குச் செலவிட்டேன் என்று கூறி எவரும் தப்பிவிட இயலாது. ஒப்படைத்த பொருளை ஒப்படைத்தபடியே திருப்பித் தருதல் கடமை. மனை வாங்கிய ஒவ்வொருவரும் அறிந்தோ அறியாமலோ தம் பங்கில் ஒரு பகுதியைத் திறந்தவெளிக்காக விட்டுக்கொடுத்துள்ளனர். அதனைப் பெற்றுக்கொண்ட உள்ளாட்சி அதன் உடைமையாளர் அன்று, காவலரே. காவலரிடம் கணக்குக் கேட்பது குறையன்று, கடமையாகும்.